சாம்பல் நிறச் சாக்லேட்

மேட்டில் ஏறும்போது களைத்துப்போவது யாருக்கும் நடப்பதுதான். எனக்குப் பயம் பிடித்தது இறக்கத்தில்.

அன்றைய பயிற்சியில் கணவாயின் உச்சியைக் கடைசி ஆளாகத் தொட்டுவிட்டு, சைக்கிளைச் சரிவில் விட்டேன். இறக்கத்தில் கால்களுக்கு வேலை இல்லை. வேலையெல்லாம் கண்ணுக்கும் விரலுக்கும்தான். வளைவுக்கு முன்பே பிரேக்கைப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். வளைவுக்குள் நுழைந்தபின் பிடித்தால் சக்கரம் வழுக்கும். வெளிப்பக்கக் காலை அழுத்தி, உள்பக்கமாகச் சாய்ந்தால் டயர் தாரைக் கவ்விக்கொள்ளும். இதையெல்லாம் பல வருடமாக யோசிக்காமலே செய்துவந்தவள் நான். அன்று இரண்டு வளைவுகளுக்கு நடுவில் இருக்கும் நேரான சாலையில், இடது பக்கம் நீல வர்ணம் அடித்த, குகை மாதிரிக் கட்டி உள்ளே மாதா சிலை வைத்த கெபி ஒன்று வர வேண்டும். வரவில்லை. அடுத்ததாக எனக்குத் தெரிந்தது ஒரு ஹாரன் சத்தமும், நேரெதிரே பால் லாரியின் முகப்பும்தான். நான் சாலையின் தப்பான பக்கத்தில் இருந்தேன். கெபியை எப்போதோ தாண்டிவிட்டிருந்தேன். கண்ணைத் திறந்தபடியே தூங்கியிருக்கிறேன்.

லாரி ஒதுங்கியது. நான் ஓரத்துப் புல்லில் ஏறி விழுந்தேன். எனக்காகக் கீழே காத்திருந்த ஸ்லெண்டி திரும்ப ஏறி வந்தாள். எங்கள் அணியிலேயே வாய் நீளமானவள் அவள்தான்.

"என்ன யுராணி, லாரிக்கு முத்தம் குடுக்கப் போனீங்களா? டிரைவர் அவ்வளவு அழகாவா இருந்தாரு?"

"செயின் மாட்டிக்கிச்சு."

"செயின் மாட்டுனா பின்சக்கரம்தான் நிக்கும். நீங்க எதுக்கு அந்தப் பக்கம் போறீங்க? பொய் சொன்னாலும் சைக்கிள் தெரிஞ்சவங்ககிட்ட பாத்துச் சொல்லுங்க."

எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் 'நீங்க'தான். அம்மா பிள்ளைகளை அப்படித்தான் கூப்பிடுவாள். சண்டையும் அப்படித்தான். பெரியவர்கள் பெயருக்கு முன்னால் மரியாதைக்கு 'டோன்', 'டோனா' என்று சேரும். நாயையே 'வாங்க, சாப்பிடுங்க' என்று அழைக்கிற வீடுகள் உண்டு.

ஸ்லெண்டி என் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். அவள் முகத்தில் சிரிப்பு இருந்தது. கண் மட்டும் என் முழங்காலுக்குக் கீழே போய், அங்கிருந்த நீலக் கன்றல்களில் நின்று, சட்டென்று விலகியது. அவள் எதைத் தேடினாள் என்று எனக்குத் தெரியும். நானும் தினமும் காலையில் அதைத்தான் தேடினேன்.

வில்மருக்கு அப்படித்தான் ஆரம்பித்தது.

வில்மர் எங்கள் அணியில் எனக்கு மூத்தவன். மேட்டில் அவன் பின்னால் ஒட்டிக்கொண்டு ஏறித்தான் நான் மலை ஏறக் கற்றேன். பதினேழு வயதில் ஒருநாள் களைப்பாக இருக்கிறது என்றான். அன்ஸீசர் மாஸ்டர் அவனைச் சோம்பேறி என்றார். அவனுடைய அம்மா டோனா எர்மிண்டா பீட்ரூட் சாறும் இரும்பு டானிக்கும் கொடுத்தார். அதற்குள் கால்களில், எங்கும் இடிக்காமலே, நீலம் நீலமாகக் கன்றத் தொடங்கியது. ஊர் மருத்துவமனையிலிருந்து, பக்கத்துப் பெரிய நகரமான துன்ஹாவுக்கு அனுப்பினார்கள். அங்கே இடுப்பு எலும்பில் ஊசி போட்டு மஜ்ஜையை எடுத்துப் பார்த்துவிட்டு, நாட்டின் தலைநகரான பொகோட்டாவுக்கு அனுப்பினார்கள். ரத்தப் புற்றுநோய். திரும்பி வந்தபோது பெட்டியில் வந்தான். கல்லறைவரைக்கும் நாங்கள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தோம்.

அதன்பிறகு எங்கள் அணியில் ஒருவரும் 'களைப்பாக இருக்கிறது' என்று வாய்விட்டுச் சொன்னதில்லை. டோனா எர்மிண்டா பால் சேகரிக்கும் இடத்துக்குப் பால்கேனோடு வருவார். எங்கள் சைக்கிள்கள் அந்த வழியாகப் போகும்போது சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொள்வார்.

சைக்கிள் ஓட்டுகிறவளின் காலில் கன்றல் இல்லாமல் இருக்குமா? பெடல் இடிக்கும், கம்பி இடிக்கும், விழுவோம். முன்பெல்லாம் ஒரு நீலத்தைப் பார்த்தால் கவலையே பட்டதில்லை. இப்போது ஒவ்வொன்றுக்கும் காரணம் தேடினேன். இது கேட்டில் இடித்தது. இது ஸ்லெண்டியின் பெடல். இது? ஆடுசதையின் பின்பக்கம், ஒரு நாணய அளவில், மஞ்சள் விளிம்போடு இருக்கும் இது எப்போது வந்தது? காரணம் கிடைக்காத ஒன்றே ஒன்று போதும், அன்று முழுவதும் சோறு இறங்காது. வகுப்பில் டெஸ்க்கின் மேல் தலை வைத்தால் மணி அடித்தாலும் கேட்காது. எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தாலும் தூங்காதவள் மாதிரி இருந்தேன். மாடிப்படியில் இதயம் காதுக்குள் அடித்தது.

அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் பரிசோதனை, பரிசோதனை என்றால் பதில். பதில் தெரியாதவரை நான் வில்மர் இல்லை.

கடைசியில் கண்டுபிடித்தவர் அன்ஸீசர் மாஸ்டர். பயிற்சி முடிந்து எல்லோரும் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தபோது என் பக்கம் வந்தார்.

"யுராணி, உங்க சைக்கிளைக் குடுங்க."

"எதுக்கு மாஸ்டர்? சரியாத்தானே ஓடுது."

"சைக்கிள் சரியாத்தான் இருக்கு. அதுக்கு மேல உக்காந்திருக்கிற ஆளைப் பத்திப் பேசறேன். ரத்தம் பாத்துட்டு வாங்க. அதுவரைக்கும் இது என் வீட்ல இருக்கும்."

"எனக்கு ஒண்ணுமில்ல மாஸ்டர். கொஞ்சம் சோம்பேறித்தனம், அவ்வளவுதான்."

அவர் முகம் சுருங்கியது. "அந்த வார்த்தையை ஒரு பையனுக்கு நான் சொன்னேன். இன்னொரு தடவை என் காதுல விழக் கூடாது," என்றார். சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

ஊர் மருத்துவமனையில் இருந்தவர் படிப்பை முடித்துவிட்டுக் கிராமச் சேவைக்கு வந்த இளம் டாக்டர். வெளியே வரிசை வாசல்வரைக்கும் நின்றது. ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு, இரும்புச்சத்து மிகவும் குறைவு என்றார்.

"அப்ப அது இல்லையா டாக்டர்?" என்றேன்.

"எது?"

"வில்மருக்கு வந்தது."

அவர் இந்த ஊருக்குப் புதியவர். வில்மர் யாரென்று அவருக்குத் தெரியாது. அம்மாவுக்குத் தெரியும். அவள் என் முகத்தைப் பார்த்தாள். அத்தனை மாதமும் நான் ஒளித்து வைத்ததெல்லாம் அந்த ஒரு பார்வையில் அவளிடம் போய்விட்டது.

"இரும்பு சாப்பிடுங்க. ஆறு வாரத்துல ஏறணும்," என்றார் டாக்டர். "ஏறலேன்னா வேற காரணம் தேடணும்."

விஷயம் எளிமையானது, அதனாலேயே எனக்குப் பிடித்துப்போனது. சிவப்பணுவின் வேலை காற்றைச் சுமப்பது. நுரையீரலில் ஏற்றிக்கொண்டு, தொடைத் தசையில் கொண்டுபோய் இறக்க வேண்டும். காற்று பிடித்துக்கொள்ளும் கொக்கிதான் இரும்பு. இரும்பு இல்லாவிட்டால் உடம்பு சிவப்பணுவைச் செய்யும், ஆனால் சிறிதாகவும் வெளிறியும் செய்யும். எங்கள் ஊர் மலை உயரத்தில் காற்று மெலிது, ஆகவே கொக்கி அதிகம் வேண்டும். மலையேறிப் பயிற்சி செய்கிறவளுக்கு இன்னும் அதிகம் வேண்டும். அதற்கு மேல் மாதாமாதம் ரத்தம் வேறு போகிறது. வரவு பழைய அளவு, செலவு மூன்று மடங்கு. அப்பா வேலை பார்ப்பதோ இரும்புத் தாதுச் சுரங்கத்தில். ஸ்லெண்டிக்கு அது போதாதா?

"அப்பா லாரி லாரியா இரும்பு வெட்டி அனுப்பறாரு, பொண்ணுக்கு ஒரு ஸ்பூன் மிச்சம் வைக்கலியா? அவர் பூட்ஸை நக்குங்க யுராணி, சரியாயிடும்."

நான் சிரித்தேன். பல நாளுக்குப் பிறகு சிரித்தேன்.

மாத்திரை வயிற்றைப் புரட்டியது. இரண்டு நாள் வாந்தி எடுத்தேன். மருந்துக்கடைக்காரர் மாத்திரைக்குப் பதில் சொட்டு மருந்து கொடுத்தார். "பல்லு கறுப்பாயிடும், எதுலயாச்சும் கலந்து குடிங்க," என்றார். எதில் கலப்பது என்று எங்கள் வீட்டில் யாரும் யோசிக்கவே இல்லை. காலையில் சாக்லேட், மாலையில் சாக்லேட். பாலைக் கொதிக்கவைத்து, சாக்லேட் கட்டியைப் போட்டு, மர மத்தை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே உருட்டி அம்மா கடைவாள். நுரை பானையின் வாய்வரைக்கும் எழும்பும். கோப்பையில் ஊற்றி, பாலாடைக்கட்டித் துண்டுகளைப் போட்டால் அவை அடியில் உருகி நூல் நூலாக வரும். குழந்தை பிறந்தாலும் சாக்லேட்தான், சாவு வீட்டிலும் சாக்லேட்தான். அம்மா மருந்தைச் சொட்டு எண்ணி அதில் விட்டு, மத்தால் இன்னொரு தடவை கடைந்து, என் கையில் கொடுத்து, காலிக் கோப்பையை வாங்கும்வரை பக்கத்தில் நிற்பாள். வயிறு புரட்டவில்லை. பல்லும் கறுக்கவில்லை.

ஒரே ஒரு விஷயம்தான் வித்தியாசம். என் கோப்பையில் மட்டும் சாக்லேட் செம்பழுப்பாக இல்லை. அடுப்புச் சாம்பலைக் கரைத்த மாதிரி இருந்தது.

"இந்த எலியேசர் கடையில வாங்கறதே இப்படித்தான்," என்றாள் அம்மா. மறுநாள் மிச்சக் கட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு கடைக்குப் போனாள். நானும் கூடப் போனேன்.

"டோன் எலியேசர், சாக்லேட்டுல மண்ணு கலக்கறீங்களா, சிமெண்ட் கலக்கறீங்களா? எதுன்னு சொன்னா அதுக்கேத்த மாதிரி மருந்து வாங்கிக்குவேன்."

"டோனா ஓடிலியா, உங்க அம்மா காலத்துலருந்து இதே கட்டிதான். நிறம் மாறுதுன்னா உங்க பானையைத் தேயுங்க."

"என் பானையைப் பத்திப் பேசாதீங்க. உங்க தராசைப் பத்தி நான் இன்னும் பேச ஆரம்பிக்கல."

வேறு கட்டி வாங்கி வந்தோம். அதுவும் சாம்பலானது. எப்படி என்று எனக்குள் ஒரு கேள்வி இருந்தது. எந்தப் பொருளும் காரணமில்லாமல் நிறம் மாறாது. ஆனால் கேள்வியைத் துரத்துவதற்கும் தெம்பு வேண்டும். நான் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டேன்.

முதல் வாரம் எழுந்ததும் தெம்பு வந்துவிட்டதாக நினைத்தேன். அது வெறும் நம்பிக்கை. இரண்டாம் வாரம் நம்பிக்கையும் போயிற்று. பள்ளிக்கு ஏறும் சிறு மேட்டில் மூன்று இடத்தில் நின்றேன். குளிர்பெட்டியில் உறைந்திருக்கும் பனிக்கட்டியைக் கரண்டியால் சுரண்டிச் சுரண்டித் தின்றேன். ஏனென்று தெரியவில்லை, நிறுத்தவும் முடியவில்லை. அந்தக் குளிரில் பனிக்கட்டி தின்கிறவளைப் பார்த்து அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். காலில் நீலங்கள். இப்போது சைக்கிளும் இல்லை, பெடல் மேல் பழி போட. ஆடுசதையில் இன்னொன்று தெரிந்த காலையில், குளியலறைத் தரையில் உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு அழுதேன். வில்மரும் இரும்பு குடித்தான். அவனுக்கும் ஏறவில்லை.

ஆறு வாரம் கழித்து எடுத்த ரத்தத்தில் அளவு ஏறவே இல்லை. கொஞ்சம் இறங்கியும் இருந்தது. இளம் டாக்டர் இந்தத் தடவை என் கண்ணைப் பார்த்துப் பேசவில்லை.

"துன்ஹாவுக்கு எழுதித் தர்றேன். ரத்த நோய் டாக்டர் பாப்பாங்க. மஜ்ஜை எடுத்துப் பாக்கணும்னா அங்கதான் வசதி."

வெளியே வந்ததும் அம்மா நடைபாதையிலேயே நின்றாள். "குளுருதா உங்களுக்கு?" என்றாள். இல்லை என்றேன். தன் கம்பளிப் போர்வையைக் கழற்றி என் மேல் போட்டாள். அவள்தான் நடுங்கிக்கொண்டிருந்தாள்.

துன்ஹா பஸ்ஸில் ஏறினோம். அம்மாவின் விரல் ஜெபமாலையில் ஒரே மணியில் நின்றுவிட்டிருந்தது. நான் ஊசியைப் பற்றி நினைத்தேன். எலும்புக்குள் எப்படி நுழையும்? திருகுவார்களா, குத்துவார்களா? தெரிந்தால் பயம் குறையும் என்று எப்போதும் நம்பியவள் நான். அன்று அது பொய்யாயிற்று. தெரிந்த ஒவ்வொரு விவரத்துக்கும் பின்னால் வில்மரின் முகம் இருந்தது.

ரத்த நோய் டாக்டர் பெர்னால் நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிய பெண்மணி. அவசரப்படாதவர். என் நகத்தைப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், வயிற்றை அழுத்தினார், கழுத்தைத் தடவினார். காலின் நீலங்களை விரலால் தொட்டு, "எங்கெங்க இடிச்சுக்கிட்டீங்க?" என்றார். மனப்பாடம் ஒப்பிப்பதுபோல் வரிசையாகச் சொன்னேன். கடைசி இரண்டுக்கும் தெரியாது என்றேன்.

அவர் தலையசைத்தார். பிறகு சம்பந்தமே இல்லாமல், "ஐஸ் திங்கறீங்களா?" என்றார்.

அம்மாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்தோம். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"இரும்பு குறைஞ்சவங்க சில பேருக்கு அந்த ஆசை வரும். ஏன்னு எங்களுக்கே சரியாத் தெரியாது. சரி, மருந்து குடிக்கறீங்கதானே? விட்டுட்டீங்களா?"

"ஒரு வேளைகூட விடல டாக்டர்," என்றாள் அம்மா. முதுகு நிமிர்ந்தது. "நானே என் கையால குடுக்கறேன். சாக்லேட்ல கலந்து, பால் நல்லா ஊத்தி, சீஸும் போட்டு. ஒரு சொட்டு மிச்சம் வைக்க விடமாட்டேன்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"எல்லா வேளையும் அப்படித்தானா?"

"எல்லா வேளையும்."

எனக்குள் ஏதோ சொடுக்கியது. "அது சாம்பல் நிறமா மாறும் டாக்டர். என் கோப்பை மட்டும். மருந்து விட்டதும்."

அவர் என் பக்கம் திரும்பினார். "உங்க கண்ணு முன்னாலயே நடந்திருக்கு. அதான் இரும்பு. சாக்லேட்ல இருக்கிற துவர்ப்பு அதைப் பிடிச்சுக்கிச்சு. பிடிச்சதும் நிறம் மாறிடும். அப்படிக் கட்டிப்போட்ட இரும்பு குடல் வழியா ரத்தத்துக்குள்ள ஏறாது. கீழ போயிடும். மிச்சம் மீதி இருந்ததைப் பாலும் சீஸும் தடுத்திருக்கும். நீங்க ஆறு வாரம் மருந்து குடிச்சீங்க, உங்க உடம்பு குடிக்கல."

 அம்மா கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அப்ப ஊசி?" என்றேன்.

"இன்னிக்கு வேண்டாம். மத்த அணுக்கள், ரத்தத்தை உறைய வைக்கறதும் சேர்த்து, இப்போதைக்கு நல்லாத்தான் இருக்கு; காரணம் தெரியாத அந்த ரெண்டு நீலமும் எங்கயோ இடிச்சு மறந்ததா இருக்கலாம். ஆனா சும்மா ஆறுதல் சொல்லி அனுப்பவும் மாட்டேன். வெறும் வயித்துல, கொய்யாச் சாறோட மருந்து. ஸ்ட்ரா போட்டுக் குடிங்க, பல்லு தப்பிச்சிடும். ரெண்டு மணி நேரத்துக்குச் சாக்லேட், காபி, பால் எதுவும் கூடாது. பத்து நாள் கழிச்சு வாங்க. இரும்பு உள்ள போச்சுன்னா மஜ்ஜை புது அணுக்களை வேகமாத் தள்ளிவிடும். அந்தக் குட்டி அணுக்கள் எத்தனைன்னு எண்ணிடலாம். ஏறியிருந்தா, பிரச்சினை இரும்புதான். ஏறலேன்னா, எடுத்துப் பாப்போம்."

எழுந்திருக்கும் முன் நான் ஒன்று கேட்டேன். வில்மரைப் பற்றித்தான். அவனும் இரும்பு குடித்தான், ஏறவில்லை, அப்படியானால் அவனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம், எண்ணிப் பார்த்தால் எப்படித் தெரியும் என்று. டாக்டர் கடிகாரத்தைப் பார்க்காமல் விளக்கினார். நான் ஒவ்வொரு சொல்லையும் பிடித்து வைத்துக்கொண்டேன்.

பஸ்ஸில் திரும்பும்போது அம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "என் கையாலயே," என்றாள். பாதி வழியில் மறுபடி, "நுரை வரக் கடைஞ்சு, என் கையாலயே." நான் அவள் தோளில் சாய்ந்துகொண்டேன். நானும் அதைப் பார்த்துக்கொண்டேதானே குடித்தேன்.

அந்தப் பத்து நாள் எங்கள் வீட்டில் சாக்லேட் கடையவில்லை. எனக்கு மட்டுமல்ல, யாருக்கும். அம்மா மத்தையும் பானையையும் கழுவி அலமாரியில் பூட்டினாள். என் டம்ளரில் வேறு யாரும் குடிக்கக் கூடாது, அதை மற்றப் பாத்திரங்களோடு கழுவவும் கூடாது. பாலின் வாடை பட்டால்கூட இரும்பு ஓடிவிடும் என்ற மாதிரி நடந்துகொண்டாள்.

"எனக்கு என்ன குறைச்சல்? என் சாக்லேட்டை ஏன் பூட்டினீங்க?" என்றார் அப்பா.

"நீங்க குடிச்சா அந்தப் புள்ளைக்கு ஆசை வரும்."

"சுரங்கத்துல பன்னண்டு மணி நேரம் நின்னுட்டு வந்து வெல்லத் தண்ணி குடிக்கணுமா?"

"குடிங்க. கல்யாணத்தப்ப நல்லதுலயும் கெட்டதுலயும்னு சொன்னீங்களே, இதான் கெட்டது."

அப்பா முணுமுணுத்துக்கொண்டே குடித்தார். அவரும் என் முகத்தை ஓரக்கண்ணால் அளந்துகொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியும்.

களைப்பு அப்படியேதான் இருந்தது. அது இரண்டு மூன்று நாளில் போகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் ஒவ்வொரு காலையும் கண் விழித்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உடம்பைக் கேட்பேன்: இன்றைக்கா? உடம்பு பதில் சொல்லாது. உள்ளே குட்டி அணுக்கள் பிறக்கின்றனவா, அல்லது வேறு ஏதோ பிறக்கிறதா? என் எலும்புக்குள் என்ன நடக்கிறது என்பது எனக்கே தெரியாமல் இருப்பதுதான் பயங்களிலெல்லாம் பெரிய பயம்.

துன்ஹாவில் ரத்தம் எடுத்துவிட்டு, முடிவுக்காக வராந்தாவில் உட்கார்ந்தோம். அம்மா என் கையைத் தன் மடியில் வைத்துப் பிடித்திருந்தாள். கதவு திறந்து வேறு வேறு பெயர்களைக் கூப்பிட்டார்கள். ஒரு பையன் சக்கர நாற்காலியில் போனான். தலையில் முடி இல்லை. என் வயதுதான் இருக்கும். அவன் என் கால்களைப் பார்த்து, "சைக்கிளா?" என்றான். ஆமாம் என்றேன். "தொடையைப் பாத்தாலே தெரியுது," என்று சிரித்தான். நானும் சிரித்தேன்.

டாக்டர் பெர்னால் எங்களைக் கூப்பிட்டு உட்காரக்கூட விடவில்லை.

"ஏறியிருக்கு. நாலு மடங்கு. உங்க மஜ்ஜை சாமான் வரலேன்னுதான் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்திருக்கு. வந்ததும் ராவும் பகலுமா வேலை பாக்குது. ஊசி வேண்டாம்."

அம்மா நாற்காலியில் உட்கார்ந்து, டாக்டரின் மேஜை மேல் தலையை வைத்து அழுதாள். டாக்டர் அவள் முடியைத் தடவிக்கொண்டே, நான் எத்தனை மாதம் தொடர்ந்து குடிக்க வேண்டும், சைக்கிளை எப்போது, எவ்வளவு தூரம் தொடலாம் என்று என்னிடம் சொன்னார்.

ஊருக்குள் கதை எங்களுக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டது. சாக்லேட்டால் வந்த நோய் என்றார்கள். சாக்லேட்டில் விஷம் என்றார்கள். டோன் எலியேசர் கடை வாசலில் நின்று, தன் கட்டிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். ஸ்லெண்டி கொய்யாப் பழம் ஒரு கூடை கொண்டுவந்து, "ரெண்டு மாசம் உங்களால அணியில கடைசி ஆளா நான் வரவேண்டியதாப் போச்சு. சீக்கிரம் வந்து உங்க இடத்தை எடுத்துக்கங்க," என்றாள்.

அதே வாரத்தில் ஒருநாள் மத்தியானம் வாசல் கேட் திறந்தது. டோனா எர்மிண்டா. கையில் காலிப் பால்கேன். வில்மரை அடக்கம் செய்த பிறகு அவர் எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை. அம்மா ஓடிப்போய் நாற்காலி கொண்டுவந்தாள். அவர் உட்காரவில்லை.

"எல்லாரும் சொல்றாங்க," என்றார். "சாக்லேட்ல இரும்பைக் கலந்தா இரும்பு ஏறாதுன்னு. நிஜமா?"

"நிஜம்தான் டோனா எர்மிண்டா," என்றேன்.

அவர் பால்கேனை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். "நானும் அதுலதான் கலந்தேன். அவன் டானிக் கசக்குதும்பான். நுரை நிறையா வெச்சுக் குடுத்தா குடிச்சிடுவான். தினமும் குடுத்தேன்." நிறுத்தினார். "உங்களுக்குத் தெரியும்னு சொல்றாங்க. நீங்க சொல்லுங்க. நானா?"

துன்ஹாவில் அந்த வராந்தாவில்கூட நான் இவ்வளவு பயப்படவில்லை. ஒரு சொல் தவறினால் இந்த மனுஷி மிச்ச வாழ்நாள் முழுவதும் அதைச் சுமப்பார்.

"இல்ல," என்றேன். "நீங்க இல்ல."

"ஆறுதலுக்குச் சொல்லாதீங்க."

"ஆறுதலுக்கு இல்ல. துன்ஹா டாக்டரம்மாகிட்ட வில்மரைப் பத்தித்தான் கேட்டேன். கேட்டதைச் சொல்றேன்." நிதானமாகத் தொடங்கினேன். "நம்ம ரொட்டிக்கடையை நினைச்சுக்கங்க. என் உடம்புல மாவு வரல. அதனால ரொட்டி இல்ல. மாவு வந்ததும் ரொட்டி வந்துடுச்சு. வில்மருக்கு மாவு குறையவே இல்ல. அடுப்பு முன்னால நிக்கறவரே மாறிட்டாரு. வேகாத ரொட்டியா போட்டுக்கிட்டே இருந்தாரு, நிறுத்தாம. கடை முழுக்க அதாலயே ரொம்பிடுச்சு. நல்ல ரொட்டி வைக்க இடமில்ல. அந்தக் கடைக்கு நீங்க எத்தனை மூட்டை மாவு அனுப்பியிருந்தாலும், எதுல கலந்து அனுப்பியிருந்தாலும், அது மாறியிருக்காது. கொய்யாச் சாறுல குடுத்திருந்தாலும் மாறியிருக்காது."

"அந்த டாக்டரே சொன்னாங்களா?"

"அவங்களேதான். நான் ரெண்டு தடவை கேட்டேன்."

 அவர் பால்கேனைத் தரையில் வைத்தார். கிட்டே வந்து, என் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். கட்டை விரலால் என் கீழ் இமையை இழுத்து, உள்பக்கத்தைக் குனிந்து பார்த்தார். அவர் விரலில் பால் வாடை அடித்தது.

"அவனுக்கு இந்த இடம் சுண்ணாம்பு மாதிரி இருக்கும்," என்றார். "தினமும் பாப்பேன். நாளைக்குச் சிவக்கும், நாளைக்குச் சிவக்கும்னு." இன்னும் கொஞ்சம் இழுத்தார். "உங்களுக்குச் சிவக்க ஆரம்பிச்சிருக்கு."

கண் எரிந்தது. நீர் கட்டியது. அவர் பார்த்து முடிக்கும்வரை நான் இமைக்கவில்லை.